மாற்றம் செய்த பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: விலையும் விற்பனையும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன அறையில் கிட்டார் திருத்திக் கொடுக்கிறேன், இருபது வருடத்துக்கு மேலாகிறது. கம்பி மாற்ற வருகிறவர்களும் ஃப்ரெட் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தேய்ந்ததைக் காட்ட வருகிறவர்களும் எழும்பிப் போகிற நேரத்தில் மெல்லக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: வீட்டில் பழைய கிட்டார் ஒன்று கிடக்கிறது, அதில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள், விற்றால் என்ன கிடைக்கும்? வாட்ஸ்அப்பில் வொய்ஸாகவும் வரும், கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் வரும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லும்போது ஏதாவது முக்கியமானது விடுபட்டுப் போகிறது, பிறகு அவர் அவசரப்பட்டு எதையாவது செய்துவிட்டு வந்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

1. அண்ணா, அப்பாட கிட்டார் ஒண்டு அலுமாரிக்கு மேல கிடக்கு. பழசு எண்டா விண்டேஜ்தானே, நல்ல விலை போகுமா?

பழையது எல்லாம் விலை போகாது. 30 வருடம் தாண்டியதை விண்டேஜ் என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது, ஆனால் விலையைத் தீர்மானிப்பது யார் செய்தது, எந்தக் காலத்தில் செய்தது, செய்த நிலையிலேயே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான். ஃபெண்டர் கம்பனியை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1965 ஜனவரியில் வாங்கியது. அதற்கு முன் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மொடலுக்கும் 1975இல் செய்ததற்கும் பெயர் ஒன்றுதான், விலை மலைக்கும் மடுவுக்கும். 1958 முதல் 1960 வரை சன்பர்ஸ்ட் நிறத்தில் வந்த கிப்ஸன் லெஸ் போல் வீடு வாங்குகிற விலைக்குப் போகிறது, அதே கம்பனியின் எழுபதுகளின் கிட்டார் அப்படிப் போகாது.

கொழும்பில் என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் செய்தவை. டீஸ்கோ, கயட்டோன், ஐபானெஸ், க்ரெக்கோ, யமஹா. எழுபதுகளின் முற்பகுதியில் இங்கே இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது, 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை ஒரு கிட்டார் வருவதென்றால் கப்பலில் வேலை செய்கிற ஒருவர் கொண்டுவர வேண்டும், அல்லது வெளிநாட்டில் உறவு இருக்க வேண்டும். கிட்டாரே அப்படி என்றால் உதிரிப்பாகம் எங்கே? பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடித்து அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தச் சுருள்) செத்தால் வேறொன்றைப் பூட்டினார்கள், டியூனர் (கம்பியை முறுக்கும் சாவி) உடைந்தால் கிடைத்ததைத் துளை போட்டு இறுக்கினார்கள். கை படாத பழைய கிட்டார் இந்த ஊரில் அபூர்வமாக இருப்பது அதனால்தான். மாற்றியிருப்பதற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்படிச் செய்ததால்தான் அவை இன்றுவரை வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன.

2. இது எந்த வருஷம் செய்தது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் சீரியல் இலக்கம். ஃபெண்டரில் 1976 வரை பின்பக்கம் நெக் (கழுத்துப் பகுதி) பூட்டிய தகட்டில் இருக்கும், அதற்குப் பிறகு தலைப்பகுதிக்குப் போய்விட்டது. எஸ்7 என்று தொடங்கினால் 1977, எஸ்8 என்றால் 1978, அந்த மாதிரி. கிப்ஸனில் 1977இலிருந்து எட்டு இலக்கம்: முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருடம், இடையில் உள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 82653501 என்று இருந்தால் 1983ஆம் வருடத்தின் 265ஆவது நாள், அதாவது செப்டம்பர் 22. ஐபானெஸ் 1975இல் இருந்து ஆங்கில எழுத்தொன்றை மாதத்துக்கு வைத்தது, ஏ என்றால் ஜனவரி, எஃப் என்றால் ஜூன். அடுத்த இரண்டு இலக்கம் வருடம். பழைய ஜப்பான் கிட்டார் பலவற்றில் இலக்கமே இருக்காது.

இலக்கம் இல்லாவிட்டால், அல்லது அதை நம்ப முடியாவிட்டால், வால்யூம் கொன்ட்ரோலின் முதுகைப் பாருங்கள். அமெரிக்கக் கிட்டார்களில் அதில் ஒரு எண் குத்தியிருக்கும். 1377633 என்றால் 137 செய்த கம்பனி (சிடிஎஸ்), 76 வருடம், 33 அந்த வருடத்தின் வாரம். கவனம், இது கொன்ட்ரோல் செய்த திகதி. கிட்டார் அதற்குப் பிறகுதான் செய்யப்பட்டிருக்கும், சில வேளை ஒரு வருடம்கூடப் பிந்தியிருக்கும். திகதி பார்க்க வேண்டும் என்பதற்காக நெக்கைக் கழற்றாதீர்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மரத்தில் ஸ்க்ரூப் பிடி தளர்கிறது. வாங்குகிறவர் கேட்டால், தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரே ஒரு முறை கழற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. என்னென்ன மாத்தியிருக்கு எண்டு எனக்கே தெரியாது. பாத்தாக் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம், பொறுமை வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், மேசையில் துவாய் விரித்து வைத்துப் பாருங்கள். தலையின் பின்பக்கம் டியூனரைச் சுற்றி வேறொரு வடிவத்தின் நிழல் தெரிகிறதா? பழைய டியூனர் நாற்பது வருடம் இருந்த இடத்தில் மரத்தின் நிறம் வெளிறாமல் இருக்கும், புதியது அதைவிடச் சின்னதாக இருந்தால் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த துளை இருந்தால் அதுவும் கணக்கு.

அப்புறம் முன் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பழைய ஈயப்பற்று மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும், பக்கத்தில் மெழுகு மாதிரிப் பிசின் காய்ந்திருக்கும். ஒரு இடத்தில் மட்டும் பளபளவென்று உருண்டையாக இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். பிக்கப் இருக்கும் குழியின் சுவரைப் பாருங்கள்: தொழிற்சாலையில் வெட்டியது நேராக, உள்ளேயும் பெயின்ட் படிந்து இருக்கும், தச்சு பாஸ் ஒருவர் உளியால் வெட்டியது பச்சை மரமாக, பல் பல்லாக இருக்கும். கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஒரு கிட்டாரில் முன் தகடு அவ்வளவு அழகாக இருந்தது, கழற்றினால் உள்ளே மூன்று குழியும் ஒன்றாகி ஒரு சோப்புப் பெட்டி அளவுக்குப் பள்ளம். சொந்தக்காரருக்கு அதுவரை தெரியாது, அவர் வாங்கி 18 வருடமாகியிருந்தது.

பெயின்டுக்கு, கடைகளில் நோட்டுப் பார்க்கும் ஊதா வெளிச்சம் இருக்கிறதல்லவா, அது போதும். இருட்டறையில் பிடித்தால் பழைய நைட்ரோசெலுலோஸ் லாக்கர் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும், பிறகு பூசிய இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும். ஃபெண்டர் அறுபதுகளின் கடைசியில் பொலியெஸ்டர் பூச்சுக்கு மாறிவிட்டது, அதனால் எழுபதுகளின் ஃபெண்டரில் இந்த ஒளிர்வைத் தேடாதீர்கள், திட்டுத் திட்டாக வித்தியாசம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பிக்கப்பையும் அளக்கலாம், ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய பிக்கப் ஏறக்குறைய 5.5இலிருந்து 6.5 கிலோ ஓம்வரை காட்டும். 12 காட்டினால் அது வேறு.

4. சரி, மாத்தியிருக்கு. இப்ப விலை எவ்வளவு குறையும்?

இதுதான் எல்லாருக்கும் வேண்டிய பதில், அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைத் திருப்பி எடுக்க முடியுமா? ஸ்க்ரூவைக் கழற்றி, ஈயத்தை இளக்கி, பழையதைத் திரும்பப் பூட்டினால் முந்திய மாதிரி ஆகிவிடும் என்றால் குறைவு சின்னது. மரத்தில் துளை போட்டது, குழி வெட்டியது, பெயின்டைச் சுரண்டியது திரும்பி வராது. பெரிய பணம் போவது அங்கேதான்.

சந்தையில் பல காலமாக நிற்கிற கணக்குகள் சில உண்டு. முழுவதும் பெயின்ட் மாற்றியிருந்தால் ஏறக்குறைய பாதி விலை. தலை முறிந்து ஒட்டியிருந்தாலும், எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும், அதே பாதிதான். கிப்ஸனின் தலை பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அது அடிக்கடி நடக்கும். ஹம்பக்கருக்காக (இரட்டைச் சுருள் உள்ள பெரிய பிக்கப்) பொடியில் (கிட்டாரின் உடல்) குழி பெரிதாக்கியது, எண்பதுகளில் எல்லாரும் ஆசைப்பட்டு ஃப்ளோய்ட் ரோஸ் என்ற வகைப் பிரிட்ஜ் (பொடியில் கம்பிகள் தங்கும் பாகம்) போட வெட்டியது, இவற்றுக்கு விலை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறையும். டியூனர் மாற்றிப் புதிய துளை போட்டது பத்து வீதத்துக்கு அங்கே இங்கே. ஃப்ரெட் மாற்றியது, ஒழுங்காகச் செய்திருந்தால், மிகக் குறைவு, ஏனென்றால் தேய்ந்த ஃப்ரெட்டும் குறைதானே.

ஆனால் இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகக் கழித்துக்கொண்டே போகாதீர்கள். கை படாத நிலையில் 3 இலட்சம் ரூபா போகும் கிட்டார் என்று வைத்துக்கொள்வோம், இது கணக்குக்காகச் சொல்வது. பிக்கப் மட்டும் மாற்றி, பழையது கையில் இருந்தால் 2 இலட்சத்து 75 ஆயிரம் கேட்கலாம். பெயின்டும் மாற்றியிருந்தால் ஒன்றரைக்கு வந்துவிடும். அந்த இடத்துக்கு வந்த பிறகு டியூனரில் இரண்டு துளை கூடுதலாக இருப்பது விலையை அவ்வளவாக அசைக்காது, ஏனென்றால் சேகரிக்கிறவர் ஏற்கெனவே போய்விட்டார், இப்போது வாங்க நிற்பவர் வாசிக்கிறவர். அவருக்கு நெக் நேராக இருக்கிறதா, ட்ரஸ் ரொட் (நெக்கை நேராக வைக்க அதற்குள் இருக்கும் உலோகக் கம்பி) வேலை செய்கிறதா, சத்தம் நல்லதா என்பதுதான் முக்கியம். உங்கள் கிட்டாரை வாங்கப்போவது இந்த இருவரில் யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

5. மாத்தின பழைய பிக்கப் டின்னுக்குள்ள கிடக்கு எண்டு அம்மா சொல்றா. அது தேவையா?

தேவையா என்று கேட்காதீர்கள், இன்றைக்கே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா ஒரு மலிபன் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே தையல் நூல், பழைய சாவிகள், மூன்று சட்டைப் பொத்தான், அடியில் வீரகேசரித் துண்டில் சுற்றி இரண்டு பிக்கப்பும் ஒரு பிரிட்ஜும். அடுத்த வாரம் வீடு ஒதுக்குவதாக இருந்தார்கள், டின் குப்பைக்குப் போக இருந்தது. அந்தப் பொதி இருந்ததால் அவர்களுக்குக் கிடைத்த கூடுதல் பணம் ஒரு பிள்ளையின் ஒரு தவணை டியூஷன் காசு.

திரும்பப் பூட்டித்தான் விற்க வேண்டும் என்றில்லை. பழக்கமில்லாத கை ஈயக்கோலோடு போனால் பிக்கப்பின் மெல்லிய கம்பி அறுந்துவிடும், அது முடியைவிட மெல்லியது. பொதியோடு கொடுங்கள், வாங்குகிறவர் தன் விருப்பப்படி செய்வார். இன்னொன்று: மாற்றிப் போட்ட பொருளே விலை உள்ளதாக இருக்கலாம். டிமார்ஸியோ கம்பனி 1972இல் சூப்பர் டிஸ்டோர்ஷன் என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தது, எழுபதுகளில் செய்த அந்தப் பிக்கப்பைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு விற்றால் இரண்டு பக்கமும் நட்டம்.

6. விக்க முதல் பெயின்ட் அடிச்சு பொலிஷ் பண்ணினா நல்ல விலை வருமா?

வராது. தயவுசெய்து செய்யாதீர்கள். என் முதல் நல்ல கிட்டார் 1977ஆம் வருட ஐபானெஸ். விற்க யோசித்தபோது, பெயின்ட் வெடித்திருக்கிறதே என்று கார் பெயின்ட் அடிக்கும் ஒரு இடத்தில் கொடுத்தேன். சுரண்டி, புட்டி வைத்து, கண்ணாடி மாதிரிக் கொண்டுவந்து தந்தார்கள். வாங்க வந்தவர் கையில் எடுத்தார், திருப்பினார், இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு "ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. வெடிப்பு அதன் வயது, அதற்குத்தான் அவர் பணம் கொடுக்க வந்தார்.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: புதிய கம்பி போடுங்கள், மெல்லிய பருத்தித் துணியைச் சாடையாக ஈரமாக்கித் துடைத்து உடனே உலர்த் துணியால் துடையுங்கள், கொன்ட்ரோல் கரகரக்கிறது என்றால் கொன்டாக்ட் க்ளீனர் ஒரு துளி. தின்னர் பக்கமே போகாதீர்கள், நைட்ரோ லாக்கரைக் கரைத்துவிடும். கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஸ்க்ரூவும் பிரிட்ஜும் உப்புக் காற்றில் துருப்பிடித்துத்தான் இருக்கும். துருப்பிடித்த ஸ்க்ரூவைப் புதிய ஸ்க்ரூவால் மாற்றாதீர்கள், அப்படியே விடுங்கள்.

7. கொழும்பில இதுக்கு என்ன விலை எண்டு எங்க பாக்கிறது? இக்மன் விளம்பரத் தளத்தில ஒருத்தர் 5 இலட்சம் போட்டிருக்கார்.

அவர் 5 இலட்சம் கேட்கிறார். யாரும் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. எட்டு மாதமாக அதே விளம்பரம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லித் தேடலாம், இசைக்கருவி விற்கும் ரிவேர்ப் தளத்தில் முன்பு நடந்த விற்பனைகளைக் கொண்டு ஒரு விலை வரம்பு காட்டுவார்கள். உங்கள் மொடல், உங்கள் வருடம், கை படாதது என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று நாலைந்து பார்த்து நடுவில் ஒன்றை எடுங்கள். பிறகு 4ஆம் பதிலில் சொன்ன மாதிரிக் குறையுங்கள். உங்களுடையதைப் போலவே மாற்றம் செய்த ஒன்று விற்றிருந்தால் அதிர்ஷ்டம், கணக்கே தேவையில்லை.

டொலரை ரூபாவாக்கியதும் அதுதான் உங்கள் விலை என்று எடுக்க வேண்டாம். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, வீட்டில் கிடந்த கிட்டாரின் விலையும் ஒரே இரவில் அந்த அளவு ஏறிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். கணக்குச் சரி, ஆனால் வாங்குகிறவருடைய சம்பளம் அந்த அளவு ஏறவில்லையே. இங்கே இருக்கிற வாங்குகிறவர்கள் ஹோட்டல் பேண்டிலும் கோயில் சபைகளிலும் கலியாணங்களிலும் வாசிக்கிறவர்கள், கொஞ்சம் சேகரிக்கிறவர்கள். அவர்கள் கொடுக்கக்கூடியதுதான் கொழும்பு விலை. வெளியிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் வரியும் சேரும் என்பதால் நன்றாக வாசிக்கக்கூடிய ஒரு ஜப்பான் கிட்டாருக்கு இங்கே மரியாதை உண்டு, அது உங்கள் பக்கம் இருக்கிற பலம்.

8. கடைக்காரர் ஒருத்தர் பாத்திட்டு 60 ஆயிரம் தாறன் எண்டார். ஏமாத்துறாரா நானா?

அப்படிச் சொல்ல முடியாது. கடைக்காரர் அதை வாங்கி, திருத்தி, மாதக்கணக்கில் மாட்டி வைத்து, பிறகுதான் விற்க வேண்டும். நீங்களே நேரடியாக விற்றால் கிடைக்கக்கூடியதில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் அவர் கேட்டால் அது நியாயமான விலை. 7ஆம் பதில்படி உங்கள் கணக்கு 1 இலட்சம் என்றால் 60 ஆயிரம் நல்ல விலை, 3 இலட்சம் என்றால் எழும்பி வாருங்கள். கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டாம், அவ்வளவுதான். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று யாராவது சொன்னால் அடுத்த வாரமும் அவர் அங்கேதான் இருப்பார்.

9. ஃப்ரெட் மாத்தினது, நட் (தலைக்குக் கிட்டக் கம்பி தங்கிற துண்டு) மாத்தினது மாதிரிச் சின்னச் சின்ன விஷயமெல்லாம் சொல்லத்தான் வேணுமா?

எல்லாம் சொல்லுங்கள். கொழும்பில் பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். மறைத்து விற்ற கிட்டார் இரண்டு மாதத்தில் என் மேசைக்கோ இன்னொருவர் மேசைக்கோ வரும், முன் தகட்டைக் கழற்றியதும் தெரிந்துவிடும். விளம்பரத்திலேயே உள்பக்கத்துப் படத்தைப் போட்டால் பேரம் பேச வருகிறவருக்குக் குறை பிடிக்க ஒன்றும் இருக்காது. உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாததை "மாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்றே எழுதுங்கள்.

10. தலையில கிப்ஸன் எண்டு இருக்கு, ஆனா பாத்தவர் ஜப்பான் கொப்பி எண்டுறார். இன்னொருத்தர் "லோசூட் கிட்டார், விலை கூட" எண்டுறார். எது சரி?

பெயர் ஒட்டுவது ஒரு மாற்றம்தான், அதிலும் மோசமானது. லெஸ் போல் ஸ்டாண்டர்ட் அல்லது கஸ்டம் வடிவத்தில் இருந்து, நெக் நாலு ஸ்க்ரூவில் பூட்டியிருந்தால் அது கிப்ஸன் அல்ல. தலையில் ட்ரஸ் ரொட்டை மூடும் மணி வடிவத் தகட்டில் கிப்ஸனுக்கு இரண்டு ஸ்க்ரூ, பல கொப்பிகளில் மூன்று. எழுபதுகளின் கிப்ஸனில் தலையின் பின்பக்கம் அமெரிக்காவில் செய்தது என்று ஆங்கிலத்தில் குத்தியிருக்கும். இவை ஒத்துவராவிட்டால் கிப்ஸன் என்று சொல்லி விற்காதீர்கள். பிறகு ஒட்டிய பெயர் என்று தெரிந்தும் அப்படி விற்பது ஏமாற்று.

லோசூட் என்றால் வழக்கு. அந்தக் கதை இதுதான்: கிப்ஸனின் தாய்க் கம்பனியான நோர்லின், 1977இல் அமெரிக்காவில் ஐபானெஸ் விற்ற எல்ஜர் கம்பனிமேல் தலை வடிவத்துக்காக வழக்குப் போட்டது. பிறகு சமரசமாக முடிந்தது. வழக்கு அந்த ஒன்றுதான், க்ரெக்கோவோ டொக்காயோ அதில் இல்லை. ஆனாலும் எழுபதுகளின் எல்லா ஜப்பான் கொப்பிக்கும் இன்றைக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். அந்தச் சொல்லுக்காக ஒரு சதமும் கூட்டவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நல்ல ஜப்பான் கொப்பிக்கு அதன் சொந்தப் பெயரிலேயே நல்ல விலை இருக்கிறது.

11. பெரியப்பா எழுபதுகளில பொப்பிசை பேண்டில வாசிச்ச கிட்டார். அவரே வெட்டி மாத்தினவர். அந்தக் கதைக்கு விலை இருக்கா?

கதைக்கு விலை இல்லை, சாட்சிக்கு உண்டு. மேடையில் அவர் அந்தக் கிட்டாரோடு நிற்கும் படம் இருக்கிறதா? படத்தில் மரத்தின் ரேகையோ ஒரு வடுவோ தெரிகிறதா, அதே வடு கிட்டாரில் இருக்கிறதா? வாங்கிய பற்றுச்சீட்டு, பேண்டின் துண்டுப்பிரசுரம், அவர் கையால் எழுதிய கடிதம், எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கிட்டாரோடு வையுங்கள். பெரியப்பா பலர் அறிந்த கலைஞர் என்றால், அவர் கையால் செய்த மாற்றம் 4ஆம் பதிலின் கணக்குக்குள் வராது. அங்கே அந்த வெட்டுத்தான் அடையாளம்.

பலர் அறியாதவர் என்றால் வெளியாள் அதற்குக் காசு தரமாட்டார். ஆனால் என்னிடம் வந்த ஒரு கிட்டார் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது: நெக் ஜப்பான், பொடி இங்கே பலா மரத்தில் வெட்டியது, பிக்கப்பைச் சுற்றிய தகடு ஒரு பால்மா டின்னின் மூடி, உள்பக்கம் இன்னும் எழுத்துத் தெரிகிறது. சந்தை விலை 25 ஆயிரம்கூட வராது. மகன் விற்கத்தான் கொண்டுவந்தார். கம்பி மாற்றிக் கையில் கொடுத்தேன், கொஞ்ச நேரம் வாசித்தார், பிறகு திரும்ப வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் அப்படியும் செய்யலாம்.

12. முழுசா வித்தா விலை வராதெண்டா, பிச்சுத் தனித்தனியா விக்கலாமா?

காசுக் கணக்கில் சில வேளை கூட வரும். பொடி பாழாகி, நெக்கும் பிக்கப்பும் மட்டும் மூலமானவையாக மிஞ்சியிருந்தால், 1965க்கு முந்திய ஃபெண்டரின் ஒரு பிக்கப் மட்டுமே முழுக் கொப்பிக் கிட்டாரின் விலைக்குப் போகும். ஆனால் பிரித்த பிறகு பொடி யாருக்கும் வேண்டாத மரமாக உங்களிடமே கிடக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் வேறுவேறு ஆளோடு கதைக்க வேண்டும், மாதங்கள் போகும். என் நிலைப்பாடு: மரம் திரும்ப முடியாத அளவுக்குப் போயிருந்தால் மட்டும் பிரியுங்கள். வாசிக்கக்கூடிய ஒரு கிட்டாரைப் பிரிப்பதற்கு நான் கை கொடுப்பதில்லை, கேட்டு வந்தவர்களுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

13. இங்க விலை வராட்டி வெளிநாட்டுக்கு அனுப்பி விக்கலாமா?

அனுப்பலாம், மரத்தை முதலில் பாருங்கள். அறுபதுகளின் நடுப்பகுதிவரை ஃபெண்டரிலும் கிப்ஸனிலும் விரல் பலகைக்கு பிரேசில் ரோஸ்வுட் போட்டார்கள். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது, சுங்கத்தில் பறித்தால் திரும்ப வராது. இலங்கையில் அதற்குப் பொறுப்பு வனசீவராசிகள் திணைக்களம். மற்ற ரோஸ்வுட் வகைகளும் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன, ஆனால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மேப்பிள் பலகை என்றால் இந்தக் கவலையே இல்லை. சந்தேகம் என்றால் அனுப்புவதற்கு முன் மரத்தைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பொதி செய்யும்போது கம்பியை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள், தலைக்குக் கீழே கேஸுக்குள் துணியை உருட்டி வையுங்கள், கேஸைச் சுற்றி இன்னொரு பெட்டி. பொதி விழுந்தால் முதலில் போவது தலை, அது எவ்வளவு நட்டம் என்று 4இல் சொல்லியிருக்கிறேன். காசு எந்த வழியில் உங்கள் வங்கிக்கு வரும், அதற்கு எவ்வளவு வெட்டுவார்கள் என்பதை விளம்பரம் போட முதலே உங்கள் வங்கியில் கேட்டு வையுங்கள்.

14. வாங்க ஆள் வாறார். என்ன ஆயத்தம் செய்யவேணும்?

அம்ப்ளிஃபயர் ஒன்றை இரவல் வாங்கியாவது வையுங்கள், சத்தம் கேட்காமல் யாரும் நல்ல விலை தரமாட்டார்கள். சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் மேசையில் இருக்கட்டும், முன் தகட்டைக் கழற்றிப் பார்க்கக் கேட்டால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள். பழைய பாகங்களின் பொதியை முதலிலேயே காட்ட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. கிட்டாருக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அதைக் கண்டதும் வருகிறவரின் முகம் மாறும். குறைந்தது எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள் என்பதை முதல் நாளே வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், அண்ணன் தம்பிக்குள் பங்கு இருக்கிற கிட்டார் என்றால் கட்டாயம்.

காசு ஒன்லைனில் போட்டால் அவர் காட்டும் ஸ்லிப்பின் படத்தை நம்பாமல் உங்கள் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகு கேஸை மூடுங்கள். ஒரு தாளில் இரண்டு பிரதி எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள்: மொடல், சீரியல் இலக்கம், விலை, திகதி, அதற்குக் கீழே "பிக்கப் இரண்டும் மாற்றியது, பழையவை பொதியில் கொடுக்கப்பட்டது, டியூனர் மாற்றி ஆறு துளை புதிது, பொடி பெயின்ட் மூலமானது, ஃப்ரெட் ஒரு முறை மாற்றியது" என்று உள்ளது உள்ளபடி. ஒரு பிரதி அவருக்கு, கேஸுக்குள் போட்டு விடுங்கள். மற்றது உங்கள் வீட்டில் இருக்கட்டும்.